தவம் வானுக்குள் இழுத்த கம்பி

என் தம்பி தவத்துக்கு,

நீ இருந்தபோது நான் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்? இப்போது எழுதுகிறேன். எனக்கு நேரே கதைக்க வராது என்பது உனக்குத் தெரியும். எதையும் சொல்ல முன்னர், சொல்லப்போவதை வரிசைப்படுத்தாவிட்டால் பாதியில் நின்றுவிடுவேன். ஆகவே:

1. உன் டீசல் வானில் எரிந்த மஞ்சள் விளக்கு. அது ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன்.
2. கராஜ்காரரால் அதை ஏன் காண முடியவில்லை.
3. நீ செய்த பிழை.
4. ஜூலையில் நடந்தது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரே இதிலிருந்து தொடங்கப் பயமாக இருக்கிறது.
5. ஒரு வாக்கு.

இங்குள்ள நம்மவர்கள் வெளியிடும் மலரில் இதைப் போடலாமா என்று தேவியிடம் கேட்டேன். "போடுங்கோ அண்ணை. ஆனா சென்சர், வோல்ட் எண்டு எழுதினா ஆர் இருந்து வாசிக்கிறது?" என்றாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான்காவதுக்குப் போக எனக்கு வேறு பாதை தெரியவில்லை.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி. தம்பி என்று கூப்பிட்டாலும் நீ என் கூடப்பிறந்தவன் இல்லை, சிநேகிதன்; டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருந்துகொண்டு ஹேர்னிங்கில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்து நடத்தியவன். அதற்காக ஒரு வெள்ளை டீசல் வான் வைத்திருந்தாய். தேவி உன் மனைவி. வன்னிக்குள் உனக்கு ஒரே தங்கை, புவனா. சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சிகள் சொன்ன அந்த மே மாதக் கிழமையில், அடுப்படி யன்னலோரம் நின்ற நீ, தேவி தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்புவதற்குள் விழுந்துவிட்டாய். புவனா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே போனாய்.

உன் செத்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்டபம் நிறையச் சனம். எல்லோரும் அழுதார்கள். ஆனால் தம்பி, யார் யாருக்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கிழமை ஒவ்வொருவருக்கும் அங்கே வன்னியில் ஒருவர் இருந்தார். உன் பெட்டிக்கு முன்னால் நின்று ஒருவர் தன் தாயின் பெயரைச் சொல்லி அழுதார். பக்கத்து வீட்டு டேனிஷ்காரி பூவோடு வந்து என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னாள். "ஒருவருக்கா?" என்று அவளைத் திருப்பிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

சரி. வரிசைக்கு வருகிறேன்.

டீசல் வாகனத்தின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு பில்டர் உண்டு. அது எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை வாகனம் கண்ணால் பார்க்க முடியாது. அதற்காக பில்டருக்கு முன்னும் பின்னும் இருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஒரு சிறிய சென்சருக்கு வருகின்றன. முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சென்சர் வோல்ட் கணக்கில் சொல்லும். அதற்கு மூன்று கம்பிகள். ஒன்று மின்சாரம் கொண்டுவருவது. ஒன்று செய்தி கொண்டுபோவது. மூன்றாவது ஏர்த் கம்பி. செய்தியை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று சொல்வது அதுதான். அதுதான் பூச்சியம்.

எஞ்சின் நிற்கும்போது வித்தியாசம் எதுவும் இல்லை. சென்சர் அரை வோல்ட் அளவில் சும்மா இருக்க வேண்டும். உன் வானிலோ, எஞ்சின் நிற்கும்போதே பில்டர் அடைத்துவிட்டது என்று சென்சர் முறையிட்டது. வாகனம் அதை நம்பியது. மஞ்சள் விளக்கை ஏற்றியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. ஹேர்னிங் பாதையில் லொறிகள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு உன்னை முந்திப்போன கதையை நீயே சொல்லிச் சிரித்தாயே.

அந்த மாசிப் பனியில் நான் மீற்றரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ பொனற்றைத் திறக்க விடவில்லை.

"அண்ணை, உங்களைத் தெரியும். நீங்கள் சோத்தை வாயில வைக்க முந்தியும் மீற்றர் பிடிச்சுப் பாக்கிற ஆள். முதல் வேலையாப் பற்றறியக் கழட்டுவியள். வேண்டாம்."

"ஒரு பத்து நிமிஷம்தானே தம்பி."

"அந்தப் பத்து நிமிஷத்தில அவள் அடிச்சா?"

அப்போதுதான் வானுக்குள் அந்தச் சிறிய தொலைபேசியைக் கண்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள குழியில், சார்ஜரில் கொழுவியபடி கிடந்தது. புவனாவுக்காக மட்டும் நீ வைத்திருந்த இலக்கம். எல்லாம் தொலைந்தாலும் இந்த இலக்கத்தை மட்டும் தொலைக்காதே என்று அவளைப் பாடமாக்க வைத்திருந்தாய். வீட்டில் வைத்தால், நீ வேலையில் நிற்கும்போது அடித்தால் என்ன செய்வது? சட்டைப்பையில் வைத்தால் இரவு வேலையில் சார்ஜ் இறங்கிவிடும். நீ நாளில் பாதியை வானில் கழித்தவன். ஆகவே வான்தான் அந்தத் தொலைபேசியின் வீடு. சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலத்துக்குப் போனபோது மட்டும் அதை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு போனாய். திரும்பி வந்ததும் திரும்பக் கொழுவினாய்.

மீற்றரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி தன் சார்ஜிலேயே நிற்கும் என்று வாதிடவில்லை. கோபமும் இல்லை. அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். கோயிலிலும் தேவாலயத்திலும் தொலைபேசியை நிறுத்தச் சொல்பவர்கூடத் தன்னுடையதை நிறுத்தவில்லை. எங்கள் தேவாலயத்தில் ஜெபத்தின் நடுவே யாரோ ஒருவருடையது அடிக்கும். ஜெபிக்கிறவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். எல்லோரும் கண்ணைத் திறந்து அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தொழிற்சாலையில் இருந்துதான் அடித்திருப்பார்கள், மேலதிக வேலைக்கு வரச் சொல்லி.

இரண்டாவது. கராஜ்காரர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீ வானை அவரிடம் விட்டாய். அவர் பரிசோதித்தார், குற்றம் வரவில்லை. ஆனாலும் பழைய பதிவு சென்சரைச் சுட்டியது, ஆகவே சென்சரை மாற்றினார். விளக்கு அணைந்தது. நீ வானை எடுத்துக்கொண்டு வந்தாய். ஹேர்னிங் போக முன்னரே மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனாய். அவரிடம் நின்றபோது மறுபடி நல்ல பிள்ளை. "இனி பில்டரையே மாற்றித்தான் பார்க்க வேண்டும்" என்றார் அவர்.

உன்னிடம் இருக்கும்போது நோய். கராஜில் நிற்கும்போது சுகம். இதில் ஒரு துப்பு இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. உன்னிடம் சொன்னேன். நீ, "அப்ப வானுக்கும் என்னில கோபமாக்கும்" என்றாய். நான் சிரித்தேன். யோசனை அத்தோடு போய்விட்டது.

நீ போன பிறகு வான் வீட்டுக்கு முன்னால் நின்றது. பற்றறி செத்துவிடக் கூடாது என்று சனிக்கிழமைகளில் வந்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். அந்தத் தொலைபேசி அதே குழியில், அதே சார்ஜரில் கிடந்தது. தேவியிடம் கேட்டேன்.

"அது அங்கையே கிடக்கட்டும் அண்ணை. வீட்டுக்குள்ள கொண்டராதேங்கோ. அடிச்சாலும் பயம், அடிக்காட்டிலும் பயம்."

நான் அதைத் தொடவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஜூலையில் தேவி ஒரு முடிவுக்கு வந்தாள். உன் வேலையைத் தானே செய்யப்போவதாகச் சொன்னாள். வான் ஓட்டத் தெரிந்தும் நீ இருந்தவரை ஓட்டாதவள், ஒரு விடியற்காலை பாதையைப் பழக வானை எடுத்துக்கொண்டு ஹேர்னிங்குக்குப் புறப்பட்டாள். பாதி வழியில் விளக்கு எரிந்து வேகம் இறங்கிவிட்டது. பாதையோரம் நிறுத்தி எனக்கு அடித்தாள். அவள் அழவில்லை. "அண்ணை, இவரின்ர வான் என்னை ஏத்த மாட்டனெண்டுது" என்றாள். எனக்கு அது அழுகையைவிட மோசமாகக் கேட்டது.

ஜூலையில் இந்த நாட்டில் என்ன திறந்திருக்கும், உனக்குத் தெரியாதா? கராஜ் பூட்டு. தொழிற்சாலை பூட்டு. கிரின்ஸ்டெட்டில் பாதிச் சனம் கடற்கரையில். விடுமுறை முடிய வேலையிடங்கள் திறந்துவிடும், அதற்குள் வான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் உன் வேலை வேறு ஆளிடம் போய்விடும். என்னைத் தவிர ஆள் இல்லை. ஒரு காலத்தில் மின்னியல் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் எடுத்து, பிறகு இங்கே வந்து தொழிற்சாலை ஒன்றில் அளவுகள் சரிபார்த்து ஓய்ந்த கிழவன்.

அன்று காலை நல்ல வெயில். முதலில் குழாய்களைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, அடைப்பு இல்லை. பிறகு சாவியைத் திருப்பிவிட்டு, எஞ்சினை இயக்காமல், சென்சருக்கு வரும் மின்சாரத்தை அளந்தேன். சரி. செய்திக் கம்பியை அளந்தேன். அரை வோல்ட். அதுவும் சரி. மிச்சம் ஏர்த் கம்பி. மீற்றரின் ஒரு முனையை சென்சரின் ஏர்த்திலும் மற்றதைப் பற்றறியின் நெகற்றிவ் முனையிலும் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. எதுவும் இல்லை. பூச்சியத்தை ஒட்டி நின்றது.

கம்பிகளை ஆட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். மத்தியானம் ஆகியது. மீற்றர் அசையவில்லை. குற்றமில்லாத இடத்தில் குற்றம் தேடுவதுபோல் கொடுமை வேறில்லை. தேடுகிறவனில்தான் குற்றம் என்று தோன்றத் தொடங்கிவிடும். கராஜ்காரர் சொன்னதே சரி, பில்டர்தான், தேவியிடம் போய்ச் சொல்லிவிடுவோம் என்று முனையைக் கழற்றக் கை நீட்டினேன்.

மீற்றரில் எண் தாவியது.

பூச்சியத்தில் இருந்து ஏறி முக்கால் வோல்டைத் தொட்டது. இறங்கியது. திரும்ப ஏறியது. நான் ஒன்றையும் தொடவில்லை. தம்பி, நான் சந்தோஷப்பட்டேன். இதை உனக்கு மறைக்க மாட்டேன். பிடித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஏர்த் உயருகிறது. பூச்சியம் பூச்சியமாக இல்லை. சென்சர் பொய் சொல்லவில்லை, அது நின்ற தரைதான் உயர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் என் காதுக்கு மணி கேட்டது.

வானுக்குள் இருந்து. அந்தக் குழிக்குள் இருந்து.

பொனற்றைச் சுற்றிக் கதவுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கை முழுக்கக் கறுப்பு. எடுத்தேன்.

"அண்ணை! அண்ணை, நான் புவனா. கேக்குதோ?"

"ஓம்" என்றேன்.

"கெதியாச் சொல்லுறன் அண்ணை, இது வேற ஆளின்ர போன். நானும் பிள்ளையும் இருக்கிறம். முகாமில, கம்பிக்கு உள்ளுக்கை. அவர் இல்லை. கேக்குதோ அண்ணை? அவர் இல்லை."

"ஓம்."

"மச்சாள் சுகமோ? நீங்கள் சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"அழாதேங்கோ என்ன. வைக்கிறன்."

நான் அழவில்லை. அவள்தான் அழுதிருக்க வேண்டும். வைத்துவிட்டாள்.

நான் உன் இருக்கையில் இருந்தேன். மூன்று ஓம். அவ்வளவுதான் சொன்னேன். நான் தவம் இல்லை அம்மா, தவத்தின் சிநேகிதன், தவம் போய்விட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? கம்பி வேலிக்குள் கடன் வாங்கிய தொலைபேசியோடு நிற்கும் ஒருத்தியிடம், அந்த ஒரு நிமிடத்துக்குள்?

உள்ளே போனேன். தேவி மரக்கறி நறுக்கிக்கொண்டு நின்றாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஏர்த் கம்பியில் இருந்து தொடங்கினேன்.

"அண்ணை, வான் கதையைப் பிறகு சொல்லுங்கோ. ஏன் முகம் இப்பிடி வெளிறிக்கிடக்கு? கரண்ட் அடிச்சதோ?"

"புவனா கதைச்சவள்."

கத்தியை வைத்துவிட்டாள். நிலத்தில் குந்திவிட்டாள். "நீங்கள் எடுத்தியளோ? நீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் வீட்டுத் தொலைபேசியைக்கூட என் மனைவியை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் நான் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு எழுந்து போய், அந்தத் தொலைபேசியைக் கொண்டுவந்து அடுப்படி மேசையில் வைத்தாள். அதற்கு முன்னால் அது வீட்டுக்குள் வந்ததே இல்லை.

மூன்றாவதை இங்கே சொல்லிவிடுகிறேன், வரிசை பிசகிவிட்டது. அந்தத் தொலைபேசிக்கு நீ இழுத்த மின்சாரத்தைப் பின்தொடர்ந்து பார்த்தேன். வானில் உள்ள சொக்கெற், சாவியை எடுத்தால் செத்துவிடும். உனக்கு அது போதாது. ஆகவே பற்றறியில் இருந்து நேரே ஒரு கம்பி இழுத்திருக்கிறாய். நல்லது. அதற்கு ஏர்த் வேண்டும். பக்கத்தில் கட்டாகச் சில கம்பிகள் போயின, அவற்றில் ஏர்த் நிறத்தில் ஒன்றைக் கண்டிருக்கிறாய். கம்பியை வெட்டாமல் உறையைக் கடித்துப் பிடிக்கும் ஒரு சிறு கடிப்பானைப் போட்டு அதையே கடித்து இணைத்துவிட்டாய். அது பில்டர் சென்சரின் ஏர்த், தவம். கடித்த இடத்தில் கம்பி பாதி அறுந்து, தண்ணீர் போய், பச்சையாகப் பூத்திருந்தது. தொலைபேசி நிறைந்திருக்கும்போது சார்ஜர் சும்மா கிடக்கும். அது பசித்து இழுக்கும்போதெல்லாம், மணி அடிக்கும்போதுகூட, அந்தப் பழுதான கம்பி வழியே மின்சாரம் ஓடி சென்சரின் பூச்சியத்தைத் தூக்கிவிடும். கராஜுக்குப் போகும்போது நீ தொலைபேசியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாய். ஆகவே அங்கே வான் சுகமாக இருந்தது. பில்டருக்கும் ஒன்றும் இல்லை, சென்சருக்கும் ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை புவனா அடித்தபோது தேவி எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். தேவிதான் சொன்னாள், நேராக, ஒரே மூச்சில். என்னால் ஒருநாளும் ஏலாது. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தபடியால், புவனா சொன்னது எனக்கும் கேட்டது:

"எனக்குத் தெரியும் மச்சாள். அண்டைக்கே தெரியும். எடுத்தவர் மூண்டு தரம் ஓம் எண்டார். அண்ணை எண்டா என்னை இவ்வளவு கதைக்க விட்டிருப்பாரே?"

தேவி சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்திலேயே அழுகை தொடங்கியது. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் அழுதார்கள். நான் எழுந்து போய்க் குழாயடியில், ஏற்கெனவே கழுவிய கையைத் திரும்பக் கழுவினேன்.

பிறகு புவனா இன்னொன்று சொன்னாள். "முந்தியும் அடிச்சனான் மச்சாள். ஒருதரும் எடுக்கேல்லை. ஆனா மணி போச்சுது. மணி போனபடியாத்தான் அங்காலை ஆரோ போனைச் சாக விடாமல் வச்சிருக்கினம் எண்டு நினைச்சு, திரும்பவும் அடிச்சனான். நிப்பாட்டிக் கிடந்திருந்தா நான் விட்டிருப்பன். எனக்கு வேற ஒரு நம்பரும் ஞாபகத்தில இல்லை."

இது கேட்டதில் இருந்து என்னால் சரியாக நித்திரை கொள்ள முடியவில்லை. யாரும் தொலைபேசியைச் சாக விடாமல் வைத்திருக்கவில்லை, தவம். எல்லோரும் பயந்து தூர நின்றோம். அதை உயிரோடு வைத்திருந்தது நீ கடித்து இணைத்த அந்தப் பச்சைபிடித்த கம்பி. நீ இல்லாத அத்தனை நாளும்.

வான் இப்போது ஓடுகிறது. சென்சரின் கம்பியை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டி, தண்ணீர் புகாமல் மூடிவிட்டேன். விளக்கு எரியவில்லை. தேவி ஹேர்னிங்குக்குப் போய் வருகிறாள், லொறிகளை முந்துவதாகச் சொல்கிறாள்; பாதி பொய் என்று நினைக்கிறேன். புவனாவும் பிள்ளையும் இன்னும் வேலிக்குள்தான். பிள்ளைக்கு இருமல். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவள் இடைக்கிடை அடிக்கிறாள்.

ஐந்தாவது, என் வாக்கு. நீ இழுத்த கம்பியை நான் எறியவில்லை. அதற்கென்று தனியாக ஒரு பியூஸ் போட்டு, வானின் உடம்பில் உரசித் துப்புரவாக்கிய இடத்தில் அதற்கென்று சொந்தமாக ஒரு ஏர்த் கொடுத்திருக்கிறேன். தேவி வேலைக்குப் போகும்போது தொலைபேசி வானில் கிடக்கும், வந்தால் அடுப்படி மேசையில். நான் இருக்கும்வரை அந்த இலக்கம் நிற்காது. மணி அடித்தால், பக்கத்தில் நான் மட்டும் நின்றால், நானே எடுப்பேன். ஓம் என்பதற்கு மேலும் ஏதாவது சொல்வேன். பழகிக்கொண்டிருக்கிறேன்.

எழுதி முடித்துத் திரும்ப வாசித்தேன். மேலே மூன்றாவதாக "நீ செய்த பிழை" என்று எழுதியிருக்கிறேன். ஒரு மின்சுற்றைப் பார்க்கிறவனாக அதை எழுதினேன். மாணவன் ஒருவன் செய்திருந்தால் சிவப்பால் கோடு இழுத்திருப்பேன். வெட்டிவிட்டு வேறு எழுதலாம் என்று பேனையை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். நான் எழுதியதை நீயும் பார்க்க வேண்டும். தம்பி, மூன்றாவது சரியில்லை. அதை நான்தான் பிழையாக எழுதினேன்.

உன் அண்ணை,
ஞானரத்தினம்
கிரின்ஸ்டெட்